சாப்பாட்டுக்கு வந்த பயம்!

செஞ்சிப் பக்கம் போகிறவர்கள் கோட்டையைப் பார்த்துவிட்டு அப்படியே பஸ் ஏறிவிடுகிறார்கள். கொஞ்சம் தெற்கே போனால் பனமலை. ஏரிக்கரையில் ஒரு குன்று. அதன் மேல், சுமார் 1,300 வருடங்களுக்கு முன் ராஜசிம்ம பல்லவன் கட்டிய தாலகிரீஸ்வரர் கோயில். 'தாலம்' என்றால் பனை. ஆக ஊர், மலை, சாமி மூன்றுக்கும் பெயர் கொடுத்தது பனைமரம்தான்!

நுங்கு, பதநீர், பனங்கிழங்கு, வெல்லம் என்று மழை பொய்த்த வருடத்திலும் கைவிடாத மரம். ஆனால், நாம் அதற்கு என்ன மரியாதை கொடுத்தோம்? விருந்தாளி வந்தால் வெள்ளைச் சர்க்கரைக் காப்பி. வீட்டு மனுஷருக்குப் பனைவெல்லம். கறுப்பாக இருந்தால் ஏழைச் சாப்பாடு, வெள்ளையாக இருந்தால் பணக்காரச் சாப்பாடு... அவ்வளவுதான் கணக்கு!

இந்தக் கணக்குக்குப் பின்னால் ஒரு பெரிய பயம் இருக்கிறது. பசி!

செஞ்சிக் கோட்டைக்குள் போனால், பீரங்கிகளைவிட முக்கியமான ஒரு கட்டடத்தைப் பாருங்கள். நெற்களஞ்சியம். தடித்த சுவர், வளைந்த கூரை. 1690-ல் ஔரங்கசீப்பின் தளபதி சுல்பிகர் கான் வந்து கோட்டையை வளைத்தான். உள்ளே இருந்தது சிவாஜியின் மகன் ராஜாராம். 1692 டிசம்பரில் மராட்டியத் தளபதிகள் சந்தாஜியும் தனாஜியும் வந்து, மொகலாய முகாமுக்குத் தானியம் வரும் வழிகளை அடைத்தார்கள். அப்புறம் நடந்ததுதான் வேடிக்கை. பட்டினியில் தவித்தது முற்றுகையிட வந்தவர்கள்! 1693 ஜனவரியில் சுல்பிகர் கான் வந்தவாசிக்குப் பின்வாங்கினான். மறுபடி வந்து, கோட்டையைப் பிடிக்க 1698 ஆகிவிட்டது. வாளைவிட வயிறு பெரியது என்று இந்த மண்ணுக்குத் தெரியும்.

கேழ்வரகும் கம்பும் வரகும் குடித்து வளர்ந்த நம் கிராமத்து ஏழைக்கு, நெல்லுச்சோறு என்பது பொங்கலுக்கும் தீபாவளிக்கும் வரும் விருந்தாளி. தினமும் அரிசிச்சோறு சாப்பிட்டால் அவர் பெரிய வீட்டுக்காரர். அந்த ஏக்கத்தைக் கேலி செய்ய நமக்கு உரிமை இல்லை. பசித்தவனுக்குத்தான் அது தெரியும்.

பிறகு மில் வந்தது. தவிடு போனது, அரிசி மல்லிகைப் பூவானது. அதற்கான எச்சரிக்கை மணி நம் குன்னூரிலேயே அடித்தது. ராபர்ட் மெக்காரிசன் என்ற டாக்டர் 1920-களில் எலிகளைக் கூண்டு கூண்டாகப் பிரித்து, இந்தியாவின் பல பகுதிச் சாப்பாட்டைப் போட்டு வளர்த்தார். முழுக் கோதுமை, பால், காய்கறி என்று சீக்கியர் சாப்பாடு சாப்பிட்ட எலிகள் கொழுகொழுவென்று வளர்ந்தன. தீட்டிய அரிசியை நம்பிய மதராஸ் சாப்பாட்டு எலிகளோ கடைசி வரிசையில்! கேட்டோமா? ம்ஹூம்.

கேட்கும் நிலைமையிலும் இல்லை. 1965-ல் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரி, வாரத்தில் ஒரு வேளைச் சாப்பாட்டை விடச் சொல்லி நாட்டைக் கேட்டுக்கொண்டார். பி.எல். 480 என்ற அமெரிக்கச் சட்டத்தின் பேரில் கப்பல் கப்பலாகக் கோதுமை வந்து இறங்கியது. 1967 தேர்தலில் ரூபாய்க்கு மூன்று படி அரிசி என்ற பேச்சு தமிழ்நாட்டையே புரட்டிப் போட்டது.

சரி, ஊருக்கெல்லாம் கோதுமை அனுப்பிய அமெரிக்கா எப்படிச் சாப்பிட்டது? பயந்து பயந்து! சாக்லேட் கேக் என்றதும் என்ன தோன்றுகிறது என்று, பால் ரோஸின் என்ற மனோதத்துவப் பேராசிரியரும் அவர் குழுவினரும் கேட்டார்கள். பிரெஞ்சுக்காரர்கள் 'கொண்டாட்டம்' பக்கம் சாய்ந்தார்கள். அமெரிக்கர்கள், 'குற்ற உணர்ச்சி' பக்கம். 1990-களில் அங்கே கொழுப்பு இல்லாத பிஸ்கெட் சக்கைப்போடு போட்டது. கொழுப்புதான் இல்லையே என்று நிறையச் சாப்பிட்டார்கள். சர்க்கரை அப்படியே இருந்ததே! 2017-18 கணக்குப்படி பெரியவர்களில் நூற்றுக்கு 42 பேருக்கு உடல் பருமன். உணவைப் பார்த்து அவ்வளவு பயப்படும் நாட்டில், விளைந்த உணவில் மூன்றில் ஒரு பங்கு வீணாகிறது.

சிரிக்காதீர்கள். அடுத்த வண்டி நம்முடையதுதான். 2023-ல் வந்த பெரிய ஆய்வு, இந்தியாவில் 10 கோடிப் பேருக்கு மேல் சர்க்கரை நோய் என்றது. அதே 2023-ஐத்தான் ஐ.நா. சபை சிறுதானிய ஆண்டாகக் கொண்டாடியது. பாட்டி வெட்கப்பட்டு மறைத்த வரகுக்கு, பேரன் இப்போது பளபளா பாக்கெட்டில் அரிசியைவிட அதிக விலை கொடுக்கிறான். பனைவெல்லமோ சர்க்கரையைப் போலப் பல மடங்கு விலை!

இதில் ஒரு வலி இருக்கிறது. அன்றைக்கு ஏழையிடம் வரகு இருந்தது, அரிசி இல்லை. இன்றைக்கு ரேஷனில் அரிசி கிடைக்கிறது, வரகு எட்டாத விலையில் இருக்கிறது. சர்க்கரை வியாதியும் பெரிய வீடு, சின்ன வீடு பார்ப்பதில்லை. வெள்ளையோ கறுப்போ, எது அந்தஸ்து என்று அடுத்தவனைப் பார்த்தே தட்டை நிரப்பிக்கொண்டிருக்கிறோம். நம் வயிற்றைக் கேட்டுச் சாப்பிடப்போவது எப்போது?