நீங்கல் நீக்கி

வில்லியனூரிலிருந்து வாகூர் போகும் சாலையில் இருக்கிறது கரிக்கலாம்பாக்கம். சுற்றுவட்டாரத்தில் நெட்டப்பாக்கம், கிருமாம்பாக்கம் என்று 'பாக்கம்' என முடியும் ஊர்கள் பல. 'பாக்கம் என முடியும் ஊரெல்லாம்' என்று ஒரே சொல்லில் இவற்றைத் திரட்டிவிடலாம். ஆனால் அந்தத் திரட்டலில் நாம் நினைக்காத ஊரும் வந்து விழும், நினைத்த ஊர் ஒன்று விட்டும் போகும். கணினியில் மென்பொருள் எழுதுகிறவர்கள் அன்றாடம் சந்திக்கும் சிக்கல் இதுதான். ஆயிரக்கணக்கான கோப்புகளில் எவை கணக்கில் சேரும், எவை சேரா என்பதைப் பெயர் பெயராக எழுதாமல் ஒரு பொதுவடிவத்தால் சொல்கிறார்கள். அந்த வடிவம் நினைத்ததை மட்டும்தான் பிடிக்கிறதா என்று பிறகு சோதிக்கவும் வேண்டியிருக்கிறது. இது கணினியோடு பிறந்த கலை என்று நாம் எண்ணுகிறோம். இதே வாகூர் நாட்டின் செப்பேடும் சோழர் காலக் கல்வெட்டுகளும் வேறு கதை சொல்கின்றன. பொதுவடிவத்தால் சேர்ப்பது, பெயர் சொல்லி விலக்குவது, நேரில் சரிபார்ப்பது ஆகிய மூன்றும் இங்கே நில ஆட்சியின் நடைமுறையாக இருந்தன. அவற்றில் ஒன்றையாவது இன்றைய கணினியைவிட அவர்கள் நன்றாகச் செய்தார்கள் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

கணினிப் பக்கத்தை முதலில் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். 1970களின் தொடக்கத்தில் பெல் ஆய்வகத்தில் உருவான யூனிக்ஸ் அமைப்பில் 'க்ளோப்' என்றொரு சிறு நிரல் இருந்தது. உடுக்குறி (*) என்றால் எந்த எழுத்துத் தொடரும் ஆகலாம், கேள்விக்குறி (?) என்றால் ஏதேனும் ஓர் எழுத்து என்ற வழக்கம் அங்கிருந்து பரவியது. 2005இல் லினஸ் டோர்வால்ட்ஸ் 'கிட்' என்ற பதிப்புக் கட்டுப்பாட்டு அமைப்பைத் தொடங்கினார். ஒரு திட்டத்தின் கோப்புகள் அடைந்த ஒவ்வொரு மாற்றத்தையும் அது பதிவுசெய்து வைக்கும். பதிய வேண்டாதவற்றை 'கிட்இக்னோர்' என்ற கோப்பில் வரி வரியாக எழுதுவார்கள். ஒரு கோப்புக்கு இரண்டு வரிகள் பொருந்தினால் பின்னால் வருவதே செல்லும். வியப்புக்குறியோடு தொடங்கும் வரி, விலக்கப்பட்டதை மீட்டுக்கொள்ளும். ஆனால் ஒரு கோப்புறை முழுவதும் விலக்கப்பட்டிருந்தால் உள்ளே கிடக்கும் தனிக் கோப்பை மீட்க இயலாது. முன்பே பதிவேறிவிட்ட கோப்பை, பின்னால் எழுதும் விலக்கு தொடாது. இந்த விதிகளை மனத்தில் வைத்துக்கொண்டு வாகூருக்கு வருவோம்.

பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மனின் எட்டாம் ஆட்சியாண்டில், ஒன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில், வாகூரில் இருந்த வித்தியாஸ்தானம் என்ற கல்விநிலையத்துக்கு மூன்று ஊர்கள் கொடையாக வழங்கப்பட்டன. சேட்டுப்பாக்கம், விளங்காட்டங்கடுவனூர், இறைப்புனைச்சேரி என்பன அவை. வாகூர்ச் செப்பேடு வடமொழியிலும் தமிழிலும் இதைச் சொல்கிறது. ஆணை அருவாநாட்டின் உட்பிரிவான கீழ்வழி வாகூர் நாட்டின் நாட்டாருக்குப் போகிறது. பெரிய நாடு, அதன் உட்பிரிவு, அதனுள் ஊர் என்று படிப்படியாக இறங்கும் இந்த முறையைக் கோப்பு ஒன்றின் வழியை எழுதும் முறையோடு ஒப்பிடாமல் இருக்க முடியவில்லை. பல்லவர் செப்பேடுகளில் இத்தகைய ஆணையோடு பழைய அறக்கொடைகளையும் பிரமதேயங்களையும் (பிராமணருக்கு விட்ட நிலங்களையும்) நீக்கி என்ற தொடர் வழக்கமாக வரும். ஊரை முழுதாகக் கொடுத்தாலும் முன்பே வேறொருவர் கையில் சென்ற நிலம் புதுக் கொடைக்குள் வராது. ஏற்கெனவே பதிவேறியதைப் புதிய வரி தொடாது என்று கிட் சொல்வதும் இதே நியாயத்தைத்தான்.

ஊருக்குள் இறங்கினால் இந்த முறை இன்னும் நுட்பமாகிறது. சோழர் காலத்துப் பிரமதேய ஊர்களில், குறிப்பாக உத்திரமேரூரில், ஒரு வயலைச் சுட்டும் விதம் இப்படி: இன்ன வதிக்குக் கிழக்கு, இன்ன வாய்க்காலுக்கு வடக்கு, இத்தனையாம் கண்ணாறு, இத்தனையாம் சதிரம். வதி தெற்கு வடக்காக ஓடும், வாய்க்கால் கிழக்கு மேற்காக ஓடும். இரண்டும் வெட்டுமிடத்திலிருந்து கண்ணாற்றை எண்ணிக்கொண்டு போய், அதனுள் சதிரத்தை எண்ணினால் வயல் கிடைத்துவிடும். வதிக்கும் வாய்க்காலுக்கும் பெயர் உண்டு. கண்ணாற்றுக்கும் சதிரத்துக்கும் எண் போதும். உழுகிறவனின் பெயர் தலைமுறைக்குத் தலைமுறை மாறும், வயலின் வழி மாறாது என்பதை உணர்ந்தவர்கள் வகுத்த ஏற்பாடு இது. 'ஏரிக்குக் கீழ்ப்பக்கத்து நிலம்' என்று எழுதியிருந்தால் ஏரி உள்ள எல்லா ஊரிலும் அது பொருந்தும். வழியின் தலையை வைத்துக் கட்டினால்தான் ஒரே இடத்தைச் சுட்டும். கிட்இக்னோரில் வரியின் முதலில் ஒரு சாய்கோடு இட்டால் அது அந்த அடிக்கோப்புறையை மட்டும் குறிக்கும், இடாவிட்டால் எந்த ஆழத்தில் அதே பெயர் இருந்தாலும் பிடித்துவிடும் என்பதற்கும் காரணம் இதுவே.

கல்வெட்டுகளிலும் செப்பேடுகளிலும் உடுக்குறிக்கு நிகரான தொடர்களும் உண்டு. உடும்பு ஓடி ஆமை தவழ்ந்த நிலமெல்லாம், மேல்நோக்கின மரமும் கீழ்நோக்கின கிணறும் என்பவை அவற்றுள் பெயர்பெற்றவை. இவை வெறும் சொல்லலங்காரம், இவற்றில் விதியைத் தேடுவது மிகை என்று ஒருவர் மறுக்கலாம். தொடர்கள் அழகானவை என்பது உண்மை. ஆனால் இவை நிற்கும் இடத்தைக் கவனிக்க வேண்டும். கீழெல்லை, தென்னெல்லை, மேலெல்லை, வடவெல்லை என நான்கும் சொல்லி முடித்து, இந்தப் பெருநான்கெல்லைக்குள் அகப்பட்டது என்று கட்டிய பிறகே உடும்பும் ஆமையும் வருகின்றன. மேட்டில் உடும்பு ஓடும், ஈரத்தில் ஆமை தவழும். மேடும் பள்ளமும் இரண்டும் சேர்ந்தன என்று அதற்குப் பொருள். கூடவே 'உண்ணிலம் ஒழிவின்றி' என்று எழுதி, உள்ளே எதுவும் விடுபடவில்லை என்பதையும் உறுதிசெய்தார்கள். பட்டியலில் பெயர் வராத ஒரு குளக்கரையைப் பற்றி நாளை வழக்கு வந்தால் தீர்ப்பதற்கு இந்தத் தொடர்தான் உதவும். அலங்காரத்துக்கு இந்தப் பொறுப்பு இருப்பதில்லை.

இனி விலக்கு. இதுதான் விரிவாகப் பேச வேண்டிய பகுதி. தஞ்சைப் பெரிய கோயிலுக்கு இராசராசன் கொடுத்த ஊர்களின் கணக்கைப் பாருங்கள். முதலில் ஊரின் மொத்த அளவு வரும். பிறகு ஊர்நத்தம், கோயில்கள், குளங்கள், ஊரை ஊடறுத்துப் போன வாய்க்கால்கள், கம்மாணசேரி, பறைச்சேரி, சுடுகாடு என்று ஒவ்வொன்றாகச் சொல்லி, 'இறையிலி நீங்கு நிலம்' என அவற்றின் அளவைக் கழிப்பார்கள். எஞ்சியதுதான் இறை கட்டும் நிலம். அளவின் துல்லியம் மலைக்கவைக்கிறது. வேலி என்ற நில அளவு ஒன்றை 52,428,800,000 கூறிட்டு அதில் ஒரு கூறு வரை எழுதியிருக்கிறார்கள். இப்படி விலக்கப்பட்ட சேரியில் வாழ்ந்தவர்களுக்கு அந்த விலக்கு சலுகையாக இருந்ததா என்று கேட்டால், இல்லை. வரியிலிருந்து நீங்கியது நிலம்தான். அந்த மக்களை ஊர் தன்னிலிருந்து நீக்கிவைத்திருந்ததும் அதே வரியில் பதிந்திருக்கிறது. கணக்கின் நேர்த்தியைப் பாராட்டும்போது இதை மறைப்பது நேர்மையாகாது. ஆனால் அந்தச் சேரி அங்கே இருந்தது, அதன் அளவு இவ்வளவு என்று நமக்கு இன்று தெரிவதும் அந்தக் கணக்கால்தான். நொபொரு கராசிமா போன்ற ஆய்வாளர்கள் சோழர் காலச் சமூகத்தை மீட்டெடுத்ததில் இத்தகைய நீங்கல் பட்டியல்களுக்குப் பெரும் பங்கு உண்டு. கிட் இந்த இடத்தில் வாய்மூடிக்கொள்கிறது. விலக்கும் வடிவம் மட்டுமே அதில் பதிவாகும். அதனால் விலக்குண்ட கோப்புகள் எத்தனை, அவை என்னென்ன என்பது பதிவின் எந்தப் பக்கத்திலும் இருக்காது.

ஆயிரம் ஆண்டு இடைவெளி உள்ள இரண்டை ஒப்பிடுவது காலமயக்கம் என்பது வலுவான மறுப்பு. பெல் ஆய்வகத்தில் யாரும் வாகூர்ச் செப்பேட்டைப் படிக்கவில்லை. ஒன்றிலிருந்து மற்றொன்று வந்தது என்று நானும் சொல்லவில்லை. பெரிய தொகுதி ஒன்றை ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கி, அதில் ஒரு பகுதியை மட்டும் பிறர் ஐயுறாதபடி சுட்ட வேண்டிய தேவை எங்கே எழுந்தாலும், விடையும் ஏறக்குறைய இதே வடிவத்தில்தான் அமையும். கணினிக்கு இரக்கமில்லாத ஒழுங்கு உண்டு, கல்வெட்டை மனிதர் படித்துப் பொருள்கொள்ள வேண்டும் என்ற வேறுபாடும் உண்மையே. அந்த வேறுபாட்டால்தான் அவர்கள் சரிபார்ப்பை எழுத்துக்கு வெளியே வைத்தார்கள். ஆணை கிடைத்ததும் நாட்டார் எல்லையைச் சுற்றி நடந்தார்கள், கல்லும் கள்ளியும் நாட்டினார்கள், அதன் பிறகே அறையோலை என்ற எல்லைப் பத்திரத்தைச் செய்தார்கள். சோழர் காலத்தில் பெண்யானையை எல்லை சூழ நடத்தி, அது நடந்த தடத்தையே எல்லையாக எழுதிக்கொண்டார்கள். ஆனைமங்கலச் செப்பேட்டில் நாகப்பட்டினத்துப் பௌத்த விகாரத்துக்குக் கொடுத்த தொண்ணூற்றேழு வேலிக்கு மேற்பட்ட நிலமும் இப்படிப் பிடி சூழ்ந்ததே. எழுத்து கடைசியில்தான் வந்தது. கணினியில் வரிசை தலைகீழாக இருக்கிறது: வடிவத்தை முதலில் எழுதிவிடுகிறோம், அது எதைப் பிடித்தது என்று பெரும்பாலும் பார்ப்பதில்லை. ஒரு கோப்பை எந்த வரி விலக்கியது என்று காட்டும் 'செக்-இக்னோர்' கட்டளைகூட கிட் தோன்றிச் சில ஆண்டுகள் கழித்தே, 2013இல், வந்து சேர்ந்தது. கருவி வந்த பின்னும் அதைக் கேட்டுப் பார்ப்பவர் குறைவு. கடவுச்சொல் எழுதிய கோப்புகள் பொதுவெளிக்குப் போய்ச் சேர்வதற்கு இந்த நடக்காத நடையும் ஒரு காரணம்.

வாகூர் நாட்டை இந்த உள்ளடக்கும் கணக்கும் விலக்கும் கணக்கும் பிற்காலத்திலும் விடவில்லை. 293 சதுர கிலோமீட்டர் கொண்ட புதுச்சேரிப் பகுதி, தமிழ்நாட்டு நிலம் ஊடே கிடக்க, பன்னிரண்டு துண்டுகளாக இருக்கிறது. அந்த எல்லைகளும் ஊர்ப் பெயர்களாலேயே பகுக்கப்பட்டவை. கல்வெட்டுகளைப் பொறுத்தவரை, வாகூர்ப் புலவர் சு. குப்புசாமி தொகுத்தவற்றை விஜயவேணுகோபால் பதிப்பிக்க, பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் 2006இல் புதுச்சேரிக் கல்வெட்டுகளாக வெளியிட்டது. மென்பொருள் படிக்கும் இவ்வட்டார மாணவர்கள் அதைப் புரட்டிவிட்டு, வாகூர் மூலநாதர் கோயில் சுவர்முன் ஒருமுறை போய் நிற்க வேண்டும் என்பது என் வேண்டுகோள். கரிக்கலாம்பாக்கத்தில் இன்று ஒரு மனை கைமாறினாலும் பத்திரத்தில் வட்டம், வருவாய் கிராமம், பிரெஞ்சு ஆட்சி விட்டுப்போன கதாஸ்தர் எண், மறு அளவை எண், உட்பிரிவு என்று படி இறங்கும் வழி இருக்கிறது. அதற்கடுத்து நான்கு பக்கமும் சொல்லும் சக்குபந்தி வருகிறது. அதன் கீழே, மாவடை மரவடை உட்பட என்று எழுதியிருக்கிறது.