காடை தீர்த்து வைத்த வழக்கு

மார்பில் இருக்கும் தைமஸ் உறுப்பு என்றதும் மாணவர்கள் ஜாக் மில்லர் பெயரைச் சொல்வார்கள். 1961-இல் லண்டனில், அப்போதுதான் பிறந்த சுண்டெலிக் குஞ்சுகளின் தைமஸை நீக்கி, நோய் எதிர்ப்புக்கு அது எவ்வளவு அவசியம் என்று காட்டியவர். பெரிய வேலைதான். ஆனாலும் கருவியல் நடத்திக் காலம் கழித்த எனக்கு அதைவிடப் பழைய வழக்கு ஒன்றில்தான் ருசி: பிறப்பதற்கு முன்னால் இந்த உறுப்பைக் கட்டுவது யார்?

குழந்தையின் தைமஸை மைக்ராஸ்கோப்பில் வைத்தால் லிம்போசைட்டுகள் என்ற வெள்ளணுக்கள் நெருக்கியடித்து நிற்கும். நடுவே ஓடும் எபிதீலியச் செல்களைத் தேடிப் பிடிக்க வேண்டும். இளங்கருவில் கதை தலைகீழ். ஆறாவது வார வாக்கில் மூன்றாவது தொண்டைப் பையிலிருந்து எபிதீலியம் முளைத்து மார்பை நோக்கி இறங்குகிறது. லிம்போசைட்டுகள் தென்படுவது அதன் பிறகுதான். அப்படியானால் எபிதீலியமே லிம்போசைட்டாக மாறியதா? ஆம் என்றார் திசுவியலாளர் கோலிக்கர், 1879-இல். இல்லை, அவை வெளியிலிருந்து குடியேறியவை என்றார் இன்னொரு திசுவியலாளர் மாக்சிமோவ், 1909-இல். 1967-இல் மூர், ஓவன் என்ற ஆய்வாளர்கள் குடியேற்றத்துக்கு வலுவான சான்று தந்தார்கள்.

கண்ணால் காணும் சாட்சியைத் தந்தது காடை. காடைச் செல்லின் உட்கருவில், ஃபோயல்கன் சாயம் ஏற்றினால், கருத்த திட்டு ஒன்று பளிச்சென்று தெரியும்; கோழிச் செல்லில் அது இருக்காது. 1969-இல் இதை அடையாளக் குறியாக்கியவர் பிரான்ஸின் நிக்கோல் லெ துவாரன். பிறகு சக ஆய்வாளர் ஜொத்ரோவுடன் சேர்ந்து காடைக் கருவின் தொண்டைப் பையின் உள் அடுக்கான எண்டோடெர்மைக் கோழிக் கருவின் உடல் சுவரில் ஒட்டினார். அங்கே தைமஸ் வளர்ந்தது. எபிதீலியம் முழுக்கக் காடை, லிம்போசைட்டுகள் கோழி. 1975-இல் முடிவு வெளிவந்தது.

பாலூட்டிகளில் வெளி அடுக்கான எக்டோடெர்முக்கும் பங்கு உண்டு என்ற வாதம் மட்டும் ஓயவில்லை. சுண்டெலிக் கருவில் எண்டோடெர்ம் ஒன்றே போதும் என்று 2004-இல் காட்டினார்கள். அந்த எபிதீலியம் முதிர ஃபாக்ஸ்-என்1 ஜீன் வேண்டும். அது பழுதான சுண்டெலிக்கு ரோமமும் இல்லை, உருப்படியான தைமஸும் இல்லை. 1966-இல் ஃபிளானகன் விவரித்த அந்த அம்மண எலியின் மர்மம் 1994-இல்தான் விலகியது.

வீடு கட்டியவரை விட்டுவிட்டுக் குடியிருப்பவரை மட்டும் பேசுவது நியாயமில்லை. பாடம் நடத்துகிறவர்கள் மில்லருக்குப் பக்கத்தில் லெ துவாரனின் காடைக்கும் ஒரு வகுப்பு ஒதுக்குங்கள்.