விறகு யாருக்கு? தூர் யாருக்கு?

திருமங்கலத்துக்குத் தெற்கே எங்களுக்கு நாலு ஏக்கர் கரிசல் புஞ்சை உண்டு. என் தகப்பனார் காலத்தில் அதில் பருத்தியும் கம்பும் விளைந்தன. நான் மதுரையில் உட்கார்ந்து கதை எழுத ஆரம்பித்த பிறகு சீமைக் கருவேல் விளைந்தது. பத்து வருஷம் எட்டிப் பார்க்காதவனுடைய நிலத்தில் வேறு என்னதான் விளையும்?

ஒரு நாள் துணிந்து, காடு வெட்டும் காண்டிராக்டர் ஒருவரை அழைத்துக்கொண்டு போனேன். அவர் நிலத்தை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். இரண்டு மூன்று மரங்களைத் தட்டிப் பருமன் பார்த்தார். என்ன தொகை கேட்பாரோ என்று நான் பயந்துகொண்டிருந்தபோது, "நீங்க ஒண்ணும் தர வேண்டாம், சார். நான்தான் உங்களுக்குத் தரணும்" என்றார்.

வேலை செய்கிறவரே வேலை கொடுத்தவனுக்குக் கூலி கொடுக்கிற அதிசயத்தை நான் அதுவரையில் கண்டதில்லை. மறு பேச்சில்லாமல் சம்மதித்தேன். ஆட்கள் வந்தார்கள், வெட்டினார்கள், அங்கேயே மூட்டம் போட்டுக் கரியாக்கி லாரியில் ஏற்றிப் போனார்கள். மூட்டத்துக்குக் காவல் இருந்த ஒரு அம்மாள், நான் அந்த மரத்தைத் திட்டுவதைக் கேட்டுவிட்டு, "வையாதீங்க ஐயா. மழை பெய்யாத வருசமெல்லாம் எங்களுக்குச் சோறு போட்டது இதுதான்" என்றாள். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

ஐப்பசி மழைக்குப் பிறகு போய்ப் பார்த்தால், ஒரு தண்டு இருந்த இடத்தில் ஐந்தாறு தண்டுகள் பச்சைப்பசேல் என்று நின்றன! காண்டிராக்டரிடம் ஓடினேன். அவர் பதறவே இல்லை. "தூரை எடுக்கிறது வேற கணக்கு, சார். நான் விறகுக்குத்தானே விலை பேசினேன்? தூருக்கு நீங்கதான் கொடுக்கணும்" என்றார்.

அவர் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. விறகு காசு தரும். மண்ணுக்குள் இருக்கும் தூர் காசு கேட்கும். ஆனால் அந்த "வேற கணக்கு" என்ற இரண்டு வார்த்தைகளில் இந்த மரத்தின் சரித்திரமே அடங்கியிருக்கிறது என்று எனக்குப் பிற்பாடுதான் தெரிந்தது.

இதை யார் கொண்டு வந்தார்கள் என்று நம் கிராமங்களில் கேட்டால், காமராஜர் காலத்தில் விறகுப் பஞ்சம் தீர விதை தூவினார்கள் என்று சொல்லுவார்கள். அது பரவியது எப்போதானாலும், சென்னை ராஜதானியில் அடியெடுத்து வைத்தது அதற்கு வெகு காலம் முன்பு. 1876-ம் வருஷத்தில், தாது வருஷப் பஞ்சம் தலைகாட்டிய சமயத்தில், காட்டிலாகா அதிகாரியான பெட்டோம் துரை, வறண்ட பிரதேசங்களில் நட இந்த மரத்தின் விதை வேண்டும் என்று சர்க்காருக்கு எழுதினார். அடுத்த வருஷம் ஜமைக்காத் தீவிலிருந்து விதை வந்து, கடப்பைப் பக்கம் ஊன்றப்பட்டது. ராஜபுதனத்தில் இதற்குக் கிடைத்த மரியாதை இன்னும் பெரிது. 1940-ல் ஜோத்பூர் சமஸ்தானத்தில் இதை ராஜ விருட்சம் என்றே அறிவித்தார்கள்!

இதன் சாமர்த்தியத்தைக் கேளுங்கள். இலையை ஆடு தொடாது. ஆகையால் காவல் வேண்டியதில்லை. நெற்றோ இனிப்பு, அதை ஆடும் மாடும் ஆசையாகத் தின்னும். விதை சாணத்தோடும் புழுக்கையோடும் விழுந்த இடத்தில் முளைக்கும். வேலிக்கு வைத்த மரத்துக்கு 'வேலிக்காத்தான்' என்று பெயரும் வைத்தார்கள். வேலியே பயிரை மேய்ந்த கதை அப்புறம் நடந்தது.

அதிகமாக மேய்ந்தது கண்மாய்களை. ஊர் கூடிக் குடிமராமத்துச் செய்த காலத்தில் கண்மாய்க்குள் முளைத்ததை ஊரே பிடுங்கியது. அந்த வழக்கம் நின்ற பிறகு மரம் நின்றது. மரம் நின்றவுடன் ஏலம் வந்தது. ஏலம் எடுத்தவர் விறகை வெட்டிக்கொண்டு தூரை விட்டுப் போனார். அவரைக் குறை சொல்வானேன்? தூர் அவருக்கு முதல். சில வருஷத்தில் அது வட்டியோடு மறுபடி விறகாகும். ஏலம் விட்டவருக்கும் மறுபடி ஒரு வரும்படி. நஷ்டம் கண்மாய்த் தண்ணீருக்குத்தான்.

2017-ம் வருஷத் தொடக்கத்தில் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, தென் மாவட்டங்களில் இந்த மரத்தை அடியோடு அகற்றும்படி கலெக்டர்களை முடுக்கியது. மதுரைச் சீமையில் எங்கே பார்த்தாலும் ஜே.சி.பி. இயந்திரம்! அவசரத்தில் நாட்டுக் கருவேலும் சேர்ந்து விழுகிறது என்று சிலர் முறையிட்டார்கள். விஞ்ஞான ரீதியாக ஆராயாமல் வெட்டலாமா என்று சென்னையில் வழக்கு நடந்தது. அதே வருஷத்தில் தடை வந்தது, பிறகு நீங்கியது. 2022-ல் தமிழக அரசு, அந்நியக் களைத் தாவரங்களை அகற்ற ஒரு கொள்கையையே வெளியிட்டது. உத்தரவுகளுக்குக் குறைவில்லை. ஆனால் வெட்டிய மறு வருஷம் அந்த மண்ணை யார் பார்த்துக்கொள்வது என்ற கேள்வி மட்டும் நின்ற இடத்திலேயே நின்றது.

அப்படியானால், ஆள் விட்டு அப்புறப்படுத்துவதே வீண் வேலையா? அல்ல என்பதற்குச் சாட்சி மதுரை நகரத்திலேயே இருக்கிறது. 1840-ஐ ஒட்டிய வருஷங்களில் இங்கே கலெக்டராக இருந்தவர் பிளாக்பர்ன் துரை. பழைய கோட்டையும் அகழியும் யாருக்கும் பயனின்றி ஊரின் கழுத்தை நெரித்துக்கொண்டிருந்தன. அவர் ஓர் யுக்தி செய்தார். மதிலை இடித்து அகழியை நிரப்புகிறவர்களுக்கே அந்த மனை சொந்தம் என்றார். கல்லுக்காக மட்டும் இடிக்கச் சொல்லியிருந்தால், ஜனங்கள் கல்லை எடுத்துக்கொண்டு அகழியைக் கொசுவுக்கு விட்டிருப்பார்கள். மண் தங்களுக்கு என்றதும் அகழி தூர்ந்தது, வீடு எழும்பியது, வீதி பிறந்தது. அந்த வேலையில் முன்நின்ற நில அளவைக்காரர் மாரட்டின் பெயரும், பெருமாள் மேஸ்திரியின் பெயரும் இன்றைக்கும் மதுரையில் வீதிப் பெயர்கள். பெரியார் பேருந்து நிலையத்தருகே கோட்டையின் ஒரு துண்டு மட்டும் மிச்சமாக நிற்கிறது.

இதையெல்லாம் படித்த பிறகு, மூட்டத்துக்குக் காவல் இருந்த அந்த அம்மாளையும் அவள் புருஷனையும் தேடிப் போனேன். "தூரை எடுத்து வெள்ளாமை வையுங்கள். மூன்று வருஷ விளைச்சல் முழுவதும் உங்களுக்கு" என்றேன். நான் விளையாடுகிறேன் என்றுதான் முதலில் நினைத்தார்கள். சிநேகிதர்களோ, "நிலம் போச்சு! இனி அவர்களைக் கிளப்ப முடியாது" என்று பயமுறுத்தினார்கள்.

கடப்பாரையும் மண்வெட்டியுமாக ஒரு கோடை முழுவதும் இருவரும் தோண்டினார்கள். முதல் வருஷம் கம்பு சுமார்தான். இரண்டாம் வருஷம் உளுந்து பரவாயில்லை. வரப்போரம் இன்னும் தளிர்க்கத்தான் செய்கிறது. போகிறபோதும் வருகிறபோதும் அந்த அம்மாள் குனிந்து பிடுங்கி எறிகிறாள். அதற்கு யாரும் கூலி பேசவில்லை.

வருகிற தை மாதத்தோடு கெடு முடிகிறது. நிலத்தைத் திரும்பக் கேட்கப் போகிறாயா என்கிறார்கள் சிநேகிதர்கள். கேட்கலாம். ஆனால் அடுத்த ஐப்பசியில் வரப்போரம் யார் குனிவார்கள்?