சீசாவுக்குள் ஒரு சண்டைக்காரன்

என் பெண் ஆசையாக ஒரு சயாம் சண்டை மீன் வாங்கி வந்தாள். பூனைக்குப் பயந்து, சீசாவில் விளிம்பு வரை தண்ணீர் ஊற்றி மூடியை இறுகத் திருகி வைத்தவன் நான்தான். காலையில் மீன் செத்து மிதந்தது.

மீனுக்குத் தண்ணீர் போதாதா? இதற்குப் போதாது. செவுள் இருந்தும், மேலே வந்து காற்றை விழுங்கித் தலைக்குள் இருக்கும் தனி உறுப்பாலும் சுவாசிக்கிற ஜாதி இது. பிராணவாயு குறைந்த வயல் நீரிலும் சதுப்பிலும் பிழைத்துக் கிடக்கப் பெற்ற வரம். அதனால்தான் சயாமியர் இதைச் சின்ன ஜாடியில் வளர்த்து, பந்தயம் கட்டி மோத விட முடிந்தது. அவர்கள் வைத்த பெயர் 'பிளா கட்'. கடிக்கும் மீன் என்று பொருள்.

கம்பெனி வைத்தியராக இருந்த டேனிஷ்காரர் தியோடர் கேன்டர் 1849-இல் இதைப் பற்றி எழுதினார். அவர் சூட்டிய லத்தீன் பெயரிலும் சண்டைதான். அந்தப் பெயர் வேறொரு மீனுக்கு உரியது என்று கண்ட லண்டன் மியூசியத்து ரீகன், 1910-இல் 'பெட்டா ஸ்ப்ளெண்டென்ஸ்' என்று மாற்றினார். ஒளிர்வது என்று அர்த்தம். 2019-இல் தாய்லாந்து இதைத் தன் தேசிய நீர்வாழ் பிராணியாக்கிக்கொண்டது.

நுரையால் கூடு கட்டி, நழுவும் முட்டைகளை வாயால் கவ்வி மேலே வைத்துக் காவல் காப்பதும் இந்தச் சண்டைக்கார ஆண்தானாம்!

இப்போது வீட்டில் இரண்டாவது மீன். அகலத் தொட்டி, மேலே வலை. அந்தப் பக்கம் என்னை அவள் விடுவதில்லை.