தரிசு நிலமும் உழைப்பாளரும்: செய்யூர் வட்டாரத்தை முன்வைத்துச் செங்கல்பட்டின் வேளாண் பொருளாதாரம்

வேளாண்மையைச் சார்ந்த வளரும் நாடுகளின் சிற்றூர்களில் தேவைக்கு மிஞ்சிய உழைப்பாளர் இருப்பர் என்பது பொருளியலில் பெரும்பாலும் தொடக்க எடுகோளாகவே கொள்ளப்படுகிறது. ஆர்தர் லூயிஸ் 1954இல் வெளியிட்ட புகழ்பெற்ற கட்டுரை, வரம்பற்ற உழைப்பு வழங்கல் என்னும் இக்கருத்திலிருந்தே புறப்படுகிறது. அம்மிகை எவ்வாறு உண்டாயிற்று என்பது வரலாற்றுக் கேள்வி. நெடுங்காலம் மதுராந்தகம் வட்டத்தில் இருந்த செய்யூரை உள்ளடக்கிய பழைய செங்கல்பட்டு மாவட்டத்தில் முதலில் குறைவாயிருந்தது நிலமன்று, ஆள்.

ஆர்க்காட்டு நவாபு 1763இல் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு அளித்த ஜாகீரே பின்னர் இம்மாவட்டமாயிற்று. 1780இல் ஹைதர் அலியின் படையெடுப்பு இப்பகுதியைச் சூறையாடியது. குடிகள் பெயர்ந்தனர், ஏரிகள் பராமரிப்பின்றி உடைந்தன, நிலம் தரிசாய்க் கிடந்தது. வற்றாத ஆறு இல்லாத இம்மாவட்டத்தில் வடகிழக்குப் பருவமழையை ஏரியில் தேக்கினாலன்றி நெல் இல்லை. நெல் இல்லையேல் வரியும் இல்லை. 1794 முதல் 1798 வரை கலெக்டராயிருந்த லயனல் பிளேஸ் ஏரிகளைச் செப்பனிடுவதில் முனைந்ததன் காரணம் இதுவே. மதுராந்தகம் ஏரியின் கரையை இராமர் காத்த கதையில் வரும் 'கர்னல் பிளேஸ்' இவரே; அவர் படைத்துறையினர் அல்லர் என்பதை மக்கள் நினைவு பொருட்படுத்தவில்லை.

ஏரி நிரம்பினால் மட்டும் போதாது. உழுவதற்கு ஆள் வேண்டும். காணியாட்சி எனத் தமிழில் வழங்கிய உரிமையை நிருவாகம் மிராசு என்றது. மிராசுதாரர் தம் பங்கு நிலத்தின்மீது மட்டுமன்றி ஊர் எல்லைக்குட்பட்ட தரிசின்மீதும் உரிமை கோரினர். புறக்குடிப் பாயக்காரி ஒருவர் அத்தரிசில் பயிரிட்டால் மிராசுதாரருக்குத் துண்டுவாரம் தரவேண்டும். உழாத நிலத்தைப் பிறருக்குக் கொடுக்க பிளேஸ் முற்பட்டபோது கடும் எதிர்ப்பு எழுந்தது. 1818இல் அச்சேறிய எல்லிஸின் மிராசு பற்றிய விடைகள் இவ்வுரிமையைத் தொன்மையான சொத்துரிமையாக நிறுவ முயன்றன. அந்நூலின் புலமை ஐயத்துக்கு இடமற்றது. ஆனால் படியாள் அதில் உரிமை கோருவோராக இடம்பெறவில்லை.

படியளவில் கூலி பெற்றதால் படியாள் எனப்பட்ட இவர்களுள் பெரும்பாலோர் இன்று பட்டியலினத்தாராக அறியப்படும் சாதியினர். 1843ஆம் ஆண்டின் சட்டம் அடிமைமுறைக்குச் சட்ட ஏற்பை மறுத்தது. நிலத்தைப் பற்றி அது எதுவும் சொல்லவில்லை. இரயத்துவாரி முறையில் தரிசு வேண்டித் தர்க்காஸ்து கொடுக்கும் வழி இருந்தும், செங்கல்பட்டில் மிராசுதாரருக்கே முன்னுரிமை. படியாள் மனுக்கொடுத்தால் அந்நிலத்தை மிராசுதாரர் தாமே கேட்டுப் பெறலாம். பெற்றபின் உழவேண்டும் என்பதுமில்லை. சேரியின் மனையும் பல ஊர்களில் மிராசுதாரர் பிடியில் இருந்தமையால், மனுக்கொடுத்தவர் குடிசையையும் இழக்க நேரும். ஆள் பற்றாக்குறையான பகுதியில் கூலி உயர்ந்திருக்க வேண்டும். உழைப்பவருக்குத் தரிசு அடைக்கப்பட்டதால் அவருக்கு வேறு போக்கிடம் இல்லாமற் போயிற்று, கூலியும் உயரவில்லை. உபரி எனப் பின்னர் பெயர்பெற்ற உழைப்பு இவ்வாறு ஆக்கப்பட்டதே.

1891இல் கலெக்டர் டிரெமன்ஹீர் அளித்த அறிக்கை இப்பொறியமைப்பை வெளிப்படுத்தியது. அதன் நடையில் ஆட்சியாளரின் இரக்கத்தொனி மிகுதி. எனினும் நிலவுரிமைக்கும் கூலிக்குமான தொடர்பை அது துல்லியமாகக் கண்டது. வருவாய் வாரியம் அவர் தீட்டிய சித்திரத்தை முழுமையாக ஏற்கவில்லை. ஆயினும் 1892 செப்டம்பர் 30ஆம் நாள் அரசாணை பிறந்தது. பஞ்சமி நிலம் என இன்று வழங்குவதன் தொடக்கம் அது. நன்செய் ஏற்கெனவே பிறர் பட்டாவில் இருந்தமையால் ஒதுக்குவதற்கு எஞ்சியது பெரும்பாலும் ஏரிநீர் எட்டாத நிலமே. பின்வந்த ஆணைகள் பிற சாதியாருக்கு விற்பதைத் தடுத்தும் நிலம் கைமாறியது. இம்மாவட்டத்துக் காரணையின் பஞ்சமி நிலத்தை மீட்கக் கோரிய 1994ஆம் ஆண்டுப் போராட்டத்தில் காவல்துறையின் துப்பாக்கிச் சூட்டில் இருவர் உயிரிழந்தனர்.

செய்யூரில் மழைக்காலத்தில் வயல், கோடையில் கழிமுகத்து உப்பளம் எனக் கூலிவேலை பருவத்துக்கேற்ப இடம் மாறும். இங்கு முன்மொழியப்பட்ட 4,000 மெகாவாட் அனல்மின் திட்டம் தொடர்பான விவாதத்திலும் தரிசு என்ற வகைப்பாடே சிக்கலானது. ஈரநிலமும் மணல்மேடும் மேய்ச்சலும் பயனற்ற நிலமாகக் கருதப்பட்டன என்பது எதிர்ப்பாளர் வாதம். திட்டம் நிறைவேறவில்லை. 1892க்குப் பிந்தைய ஒப்படைப்புப் பதிவுகளை இன்றைய அ-பதிவேட்டுடன் ஊர் ஊராக ஒப்பிட்டால், ஒதுக்கப்பட்ட நிலத்தில் எவ்வளவு இன்னும் உரியவர் கையில் உள்ளது என்பதை இவ்வட்டாரத்தளவிலேனும் கணக்கிட முடியும்.