சிதம்பர ரகசியம்

சிதம்பர ரகசியம் என்பது, எளிதில் வெளிவராத மறைபொருளைக் குறிக்கும் மரபுத்தொடர். பேச்சுவழக்கில் இதற்கு நேரெதிரான பயன்பாடும் உண்டு. ஊருக்கே தெரிந்ததை ஒருவர் பொத்திப் பொத்தி வைக்கும்போது கேலியாகவும் இதைச் சொல்வார்கள்.

தொடரின் பிறப்பிடம் தில்லை நடராசர் கோயிலின் சிற்சபை. நடராசருக்குப் பக்கத்தில் ஒரு திரை தொங்கும். வெளிப்புறம் கறுப்பு, உட்புறம் சிவப்பு. தீட்சிதர் திரையை விலக்கித் தீபாராதனை காட்டும்போது தெரிவது சிலையோ லிங்கமோ அல்ல. பொன்னாலான வில்வ இலைச் சரங்கள் மட்டுமே. அந்த வெட்டவெளிதான் இறைவன் என்பது சைவர் கொள்கை. ஐம்பூதத் தலங்களில் சிதம்பரம் ஆகாயத்துக்குரியது.

தென்பாண்டி நாட்டுக்கும் தனியாக ஐம்பூதத் தலங்கள் உண்டு. சங்கரன்கோவில் மண், தாருகாபுரம் நீர், கரிவலம்வந்தநல்லூர் நெருப்பு, தென்மலை காற்று. ஆகாயம் ராஜபாளையத்துக்குத் தெற்கே, மலையடிவாரத்துத் தேவதானம். மற்ற நான்கும் இன்று தென்காசி மாவட்டத்தில் இருக்க, இது மட்டும் விருதுநகர் மாவட்டத்தில். மகாசிவராத்திரியன்று ஐந்தையும் ஒரே நாளில் சுற்றிவரும் வழக்கமும் இருக்கிறது.

தேவதானத்து இறைவன் பெயர் நச்சாடை தவிர்த்தருளியவர். போரில் வெல்ல முடியாத சோழன், நட்பு பாராட்டுவதுபோல் நஞ்சு தோய்ந்த ஆடையைப் பாண்டியனுக்கு அனுப்பினான். இறைவன் கனவில் வந்து சூதை உடைத்தார். கொண்டுவந்தவன் மேலேயே அதைப் போர்த்த, அவன் எரிந்துபோனான் என்கிறது தலபுராணம். ரகசியத்தைப் போட்டுடைத்த சாமி! ஆகாயத் தலமாக இருந்தும் 'தேவதான ரகசியம்' என்றொரு வழக்கு பிறக்காததில் வியப்பில்லை. தொடரை உண்டாக்கியது ஆகாயமல்ல, அந்தத் திரைதான் என்று தோன்றுகிறது.

எழுத்தில் இத்தொடர் பெரும்பாலும் முதற்பொருளில்தான் வரும். விசு இயக்கிய 1985ஆம் ஆண்டுப் படத்துக்கும், நாடி ஜோதிடத்தைச் சுற்றி நாகா எடுத்த சன் டிவி தொடருக்கும் இதுவே தலைப்பு. பேச்சிலோ கேள்வியாகவோ மறுப்பாகவோ வந்து விழும். தீபாவளி நெருங்கும்போது ராஜபாளையத்து மில் தொழிலாளி மேஸ்திரியிடம், "போனஸ் எத்தன பர்சன்ட்டுன்னு சொல்லுங்க அண்ணாச்சி, இதென்ன சிதம்பர ரகசியமா?" என்று கேட்கலாம். 2019இல் புவிசார் குறியீடு பெற்ற ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவைப் பற்றி, "பாலும் சீனியும்தான், பெரிய சிதம்பர ரகசியமெல்லாம் இல்ல" என்று உதறிவிடலாம். கிண்டுகிற கைப்பக்குவம் வேறு கதை.

'காதும் காதும் வைத்தாற்போல்' என்பது இதற்கு ஈடாகாது. அது காரியத்தைச் சத்தமில்லாமல் முடிக்கும் விதத்தைச் சொல்வது. கேலிக்கு அதில் இடமில்லை. எதிர்ச்சொல்லாக வருவது 'அம்பலமாதல்'. ஊர் கூடும் பொதுவிடமே அம்பலம். தில்லையில் திரை தொங்கும் சபைக்கும் சிற்றம்பலம் என்றே பெயர்.