அடுப்பு இருந்த மூலை

போன தீபாவளிக்கு அடுத்த நாள் அம்மாவிடம் ஒரு ஏ4 தாளையும் பேனாவையும் கொடுத்து, "நம்ம பழைய வீட்ட வரைஞ்சு காட்டும்மா" என்றேன். "எனக்கு இன்னாடா வரையத் தெரியும்?" என்று தாளைத் தள்ளிவிட்டாள். அரை மணி நேரம் கழித்துப் பார்த்தால் சோபாவில் காலை மடக்கி உட்கார்ந்து வரைந்துகொண்டிருக்கிறாள்.

பழைய வீடு என்பது தண்டையார்பேட்டையில் நாங்கள் இருபது வருஷம் குடியிருந்த லைன் வீடு. தெருவில் ஒரு வாசல், உள்ளே எட்டுக் குடித்தனம், நடுவில் கைப்பம்பு, கடைசியில் இரண்டு கக்கூஸ். 2008இல் வீட்டுக்காரர் இடத்தை விற்றுவிட்டார். இப்போது அங்கே நான்கு மாடி அபார்ட்மெண்ட் நிற்கிறது. 2021 பிப்ரவரியில் வண்ணாரப்பேட்டையிலிருந்து விம்கோ நகர் வரைக்கும் மெட்ரோ திறந்த பிறகு அம்மாவை ஒருமுறை கூட்டிப்போனேன். ஸ்டேஷனிலிருந்து மேலே ஏறி வந்தவளுக்கு எந்தப் பக்கம் திரும்பினால் எங்கள் சந்து வரும் என்று தெரியவில்லை. இருபது வருஷம் நடந்த தெருவில் அவள் வழி கேட்டது எனக்குள் தங்கிவிட்டது.

வரையச் சொல்லும் யோசனை என்னுடையது இல்லை. யாழ்ப்பாணத்து ஓவியர் தா. சனாதனனுடைய ஒரு புத்தகத்திலிருந்து எடுத்துக்கொண்டது.

*

சனாதனன் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் கலை கற்பிப்பவர், டெல்லியில் படித்தவர். நினைவும் இடமும்தான் பல வருஷமாக அவருடைய வேலை. 2004இல் யாழ் பொது நூலகத்தில் நடந்த ஒரு கண்காட்சிக்காக ஊர்மக்களிடமிருந்து வீட்டுப் பொருட்களை வாங்கிக் காட்சிக்கு வைத்தார். 1981இல் சுமார் 97,000 நூல்களோடு எரிக்கப்பட்டு, பிறகு திருப்பிக் கட்டப்பட்ட அதே நூலகம். போருக்குத் தப்பி மிஞ்சிய சில்லறைச் சாமான்களை அங்கே கொண்டுவந்து வைப்பதற்கு என்ன அர்த்தம் என்று யாழ்ப்பாணத்துக்காரருக்கு விளக்க வேண்டியதில்லை. கனடாவில் வான்கூவர் நகரத்து மானுடவியல் அருங்காட்சியகத்தில் 2010இல் நடந்த கண்காட்சிக்கு, அங்கே குடியேறிய தமிழர்கள் ஊர் நினைவாக வைத்திருந்த பொருட்களைக் கேட்டு வாங்கிப் போத்தல்களில் அடைத்து அடுக்கினார்.

2011இல் வந்தது 'தி இன்கம்ப்ளீட் தோம்பு'. முடிவுறாத தோம்பு. ஷர்மினி பெரேராவின் ரேக்கிங் லீவ்ஸ் பதிப்பித்தது. போரில் வடக்கிலிருந்து இடம்பெயர்ந்த எண்பது பேரிடம் சனாதனன் கேட்டது ஒன்றுதான்: நீங்கள் விட்டுவிட்டு வந்த வீட்டின் தரைப்படத்தை நினைவிலிருந்து வரைந்து தாருங்கள். ஒவ்வொரு வீட்டுக்கும் மூன்று படம். முதலில் அவர்கள் கைப்பட வரைந்தது. அடுத்தது அதையே கட்டடக்கலைஞர் அளவோடு திருத்தி வரைந்தது. மூன்றாவது சனாதனனின் ஓவியம். கூடவே அந்த வீட்டைப் பற்றிய சிறு குறிப்பு. எண்பது பேரில் தமிழர்களும் உண்டு, முஸ்லிம்களும் உண்டு. 1990 அக்டோபரில் புலிகளால் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம்களின் இழப்பும், 1995 அக்டோபரில் யாழ்ப்பாணமே ஒட்டுமொத்தமாகக் காலியானதும் ஒரே பதிவேட்டில் இருப்பது சின்ன விஷயமில்லை.

பதிவேடு என்று சொல்வதற்குக் காரணம் அந்தச் சொல்தான். தோம்பு, போர்த்துக்கீசியச் சொல்லான 'தோம்போ'விலிருந்து வந்தது. லிஸ்பனில் உள்ள அவர்களுடைய தேசிய ஆவணக் காப்பகத்தின் பெயரே 'தோம்புக் கோபுரம்' என்றுதான் பொருள்படும். 1619இல் யாழ்ப்பாணத்தைப் பிடித்த போர்த்துக்கீசியர் நிலங்களைத் தோம்பில் ஏற்றினார்கள். 1658இல் அவர்களை விரட்டிய டச்சுக்காரர்கள் அந்த வேலையை இன்னும் கறாராகச் செய்தார்கள். ஆட்களுக்குத் தலைத்தோம்பு, நிலத்துக்குக் காணித்தோம்பு. யாரிடம் எவ்வளவு வரி வாங்கலாம், யாரைக் கட்டாய ஊழியத்துக்கு இழுக்கலாம் என்பதுதான் கணக்கு. கிணறு எந்தப் பக்கம், எந்த அறையில் பிள்ளை பிறந்தது என்பதெல்லாம் அதில் கிடையாது.

என் தொழிலில் இதைத் தினமும் பார்க்கிறேன். ஒரு டேட்டாபேஸில் எந்தெந்தக் கட்டம் வைக்கிறோம் என்று முடிவு செய்யும்போதே, எதையெல்லாம் உலகம் மறக்கலாம் என்றும் முடிவாகிவிடுகிறது. கட்டம் இல்லாத தகவலுக்குப் பிழைச்செய்திகூட வராது. சனாதனன் செய்தது, ஆட்சியாளரின் பதிவேட்டை எடுத்து அதன் கட்டங்களை மாற்றியது.

*

யாழ்ப்பாணத்தையும் தண்டையார்பேட்டையையும் ஒரே தராசில் வைக்க முடியாது. எங்களை யாரும் துப்பாக்கி காட்டி விரட்டவில்லை. மூன்று மாதம் டைம் கொடுத்தார்கள், அட்வான்ஸைத் திருப்பிக் கொடுத்தார்கள். ஆனால் அந்தப் புத்தகத்தைப் புரட்டும்போது எனக்கு உறைத்தது வேறு. அவர்களில் பலருக்கு எங்கோ ஓர் உறுதிப்பத்திரமாவது இருந்திருக்கும். எங்களுக்கு அதுவும் இல்லை. பட்டாவில் வீட்டுக்காரர் பெயர், வில்லங்கச் சான்றிதழில் வாங்கினவர் விற்றவர் பெயர். எட்டுக் குடித்தனத்தில் ஒருவர் பெயரும் எதிலும் ஏறவில்லை. துறைமுகத்தையும் ஆலைகளையும் நம்பி வந்து வாடகைக்கு இருந்தவர்களுக்கு வடசென்னையில் பெரும்பாலும் இதுதான் கதி.

பதிவேட்டில் இடம் கிடைக்காதவர்கள் ஊரை வேறு விதமாகத் தங்களுடையதாக்கிக்கொள்கிறார்கள். தண்டையார்பேட்டை என்ற பெயரையே எடுத்துக்கொள்ளுங்கள். சூஃபி ஞானி குணங்குடி மஸ்தான் சாகிபு (1792–1838) ராமநாதபுரம் பக்கம் தொண்டியைச் சேர்ந்தவர் என்பதால் 'தொண்டியார்', அவர் இருந்த பேட்டை தொண்டியார்பேட்டை, அதுவே மருவித் தண்டையார்பேட்டை. சின்ன வயசில் கேட்ட கதை இது. அவருடைய தர்கா ராயபுரம் பக்கம் இன்றும் இருக்கிறது, எல்லா மதத்தாரும் போகிறார்கள். ஆனால் கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆவணப்படி எழும்பூர், புரசைவாக்கம், தண்டையார்பேட்டை மூன்றும் முகலாயர் தரப்பிடமிருந்து கம்பெனிக்கு வந்தது 1693இல். மஸ்தான் சாகிபு பிறப்பதற்கு 99 வருஷம் முன்பே பெயர் இருந்திருக்கிறது.

கதை பொய் என்று முதலில் எனக்கு ஏமாற்றமாக இருந்தது. இப்போது அப்படித் தோன்றவில்லை. யார் யாருக்கு ஊரைக் கொடுத்தார்கள் என்று ஆவணம் சொல்கிறது. ஊர் யாருடைய பெயரால் அழைக்கப்பட வேண்டும் என்று மக்கள் விரும்பினார்கள் என்பதைக் கதை சொல்கிறது. தேதிக்கு நான் ஆவணத்தைத்தான் நம்புவேன். விருப்பத்துக்கு அதில் கட்டம் இல்லை.

*

அம்மாவின் படத்துக்கு வருகிறேன். எங்கள் அறை தீப்பெட்டி அளவு. கைப்பம்பு இருந்த முற்றம் தாளில் பாதி. "இன்னாம்மா, ஸ்கேலே இல்லையே" என்றேன். "ரூம்புல எவன் இருந்தான்? பூரா நாளும் பம்பாண்டதான இருந்தோம்" என்றாள். பிளாஸ்டிக் குடங்கள் வரிசையாக, எந்தக் குடம் யாருடையது என்பது வரைக்கும்.

அக்கா எட்டிப் பார்த்து, "அடுப்பு இந்தப் பக்கம் இல்லம்மா. நுழைஞ்சதும் வலதுகைப் பக்கம்" என்றாள். அம்மா இடது மூலையில் போட்டிருந்தாள். இருவரும் விடவில்லை. அக்காவுக்கு மண்ணெண்ணெய் ஸ்டவ்வைப் பம்ப் அடித்த ஞாபகம் இருக்கிறது, வலப்பக்கச் சுவரில் படிந்த கரி ஞாபகம் இருக்கிறது. சண்டை ஏறிக்கொண்டே போய் அம்மா திடீரென்று அமைதியானாள்.

"ஆயா படுத்த படுக்கையா ஆனப்புறம் மாத்துனேன்" என்றாள்.

1993இல் ஆயாவுக்கு இடுப்பு ஒடிந்தது. காற்று வரும் மூலை அது ஒன்றுதான். அடுப்பை எடுத்து எதிர்ச்சுவரோரம் வைத்துவிட்டு அங்கே கட்டிலைப் போட்டார்கள். ஏழு மாதம் கழித்து ஆயா அந்த மூலையிலேயே செத்துப்போனாள். அதற்குப் பிறகு அடுப்பு பழைய இடத்துக்குத் திரும்பவேயில்லை. எனக்கு அப்போது நான்கு வயது, எதுவும் நினைவில்லை. அம்மா வரைந்தது 1993க்கு முந்தைய வீடு. அக்கா சொன்னது பிந்தைய வீடு. இரண்டுமே சரி. இடித்துக் கட்டியவரிடம் பழைய கட்டடத்தின் பிளான் இருந்தாலும் இந்த விஷயம் அதில் இருந்திருக்காது. இருவரும் ஒத்துப்போயிருந்தால் எனக்கும் தெரிந்திருக்காது.

அம்மா இடது மூலையில் போட்ட அடுப்பைப் பேனாவால் அடித்தாள். கட்டிலை வரைவாள் என்று பார்த்தேன், வரையவில்லை. வலப்பக்கமும் அடுப்பைப் போடவில்லை. தாளை மடித்து என்னிடம் கொடுத்துவிட்டு டீ போடப் போனாள்.

அக்கா அதைப் படம் பிடித்து, எதிர்க்குடித்தனத்தில் இருந்த தன் பழைய சிநேகிதிக்கு வாட்ஸாப்பில் அனுப்பினாள். இப்போது மணலியில் இருக்கிறார். பத்து நிமிஷத்தில் பதில் வந்தது: "எங்க வீட்ட ஏன் இவ்ளோ சின்னதா போட்டிருக்காங்க? இரு, நான் வரைஞ்சு அனுப்புறேன்."

இதுவரை எட்டில் மூன்று வந்திருக்கிறது. மூன்றிலும் கைப்பம்பு வேறு வேறு இடத்தில்.